காற்றாலைப் பெட்டிகளில் பெயர் தேடல்: சி நூலகத்தின் எந்தச் செயற்கூறைத் தேர்வது?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகளின் அளவீடுகளைத் திரட்டி, பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சேவையகத்துக்கு அனுப்பும் சி நிரல் ஒன்றை இப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. காற்றாலைகளின் அடியில் வைத்திருக்கும் சிறு பெட்டிகளில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற சிறுகருவி லினக்ஸ் ஓடுகிறது. அதன் சி நூலகம், அதாவது சி நிரல்களுக்கு அடிப்படைச் செயற்கூறுகளைத் தரும் நூலகம், மசல். சேவையகத்தில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. அதன் சி நூலகம் ஜிலிப்சி. பெட்டிக்கும் சேவையகத்துக்கும் மூலநிரல் ஒன்றுதான். சேவையகத்தில் ஓடும் பகுதி, வந்து சேரும் அளவீடுகளை ஆலை உரிமையாளர்களின் கணினிகளுக்குப் பல இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) மூலம் பகிர்ந்து அனுப்புகிறது. நிரலில் கணினியின் பெயரை எண் வடிவ வலை முகவரியாக மாற்றும் வேலை முழுவதையும் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற செயற்கூறு செய்துவந்தது. பெட்டிகளில் போட்டிருக்கும் சிம் அட்டைகளுக்கு ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைக்கத் தொடங்கியபின் அதை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை.

மாற்று வழிகள் நான்கு. பழைய அழைப்பையே வைத்துக்கொண்டு ஒட்டுப்போடலாம். அதன் இழைப்பாதுகாப்பு வடிவமான கெட்ஹோஸ்ட்பைநேம்_ஆர் என்பதற்குப் போகலாம். பழைய, புதிய முகவரி வகைகள் இரண்டையும் தரும் கெட்அட்ரின்ஃபோவுக்கு முழுமையாக மாறலாம். சி நூலகத்தை விட்டே வெளியேறி சி-ஆரஸ் போன்ற தனி நூலகத்தைக் கொண்டுவரலாம். இவற்றுள் எது புதியது, எது நிலையாவணத்தில் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் வரையறையில்) இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் விடை ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் பணகுடிப் பக்கத்து இணைப்பு நாளுக்குச் சில முறையாவது விழுந்து எழும் இணைப்பு. எனவே பெயர் கிடைக்கும்போது எந்தச் செயற்கூறு நன்றாக வேலை செய்கிறது என்பதைவிட, பெயர் கிடைக்காதபோது அது என்ன சொல்கிறது, அதைச் சொல்வதற்குள் எவ்வளவு நேரம் நிரலைப் பிடித்து வைக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டேன்.

கெட்ஹோஸ்ட்பைநேம் 1983இல் 4.2பிஎஸ்டி வழியாகப் பரவிய பழைய செயற்கூறு. ஒரு பெயரைக் கொடுத்தால் ஹோஸ்ட்என்ட் என்ற கட்டுருவுக்கு (தரவுத் தொகுப்புக்கு) ஒரு சுட்டைத் (அதன் நினைவக இருப்பிடத்தைத்) திருப்பித் தரும். அதில் முறையான பெயர், மாற்றுப் பெயர்கள், முகவரி வகை, முகவரி நீளம், முகவரிப் பட்டியல் ஆகியவை இருக்கும். எளிமைதான் அதன் கவர்ச்சி. மூன்று வரியில் வேலை முடிந்துவிடும் என்பதால் கல்லூரி ஆய்வகப் பயிற்சி ஏடுகளில் இன்றும் அதுவே குடியிருக்கிறது. அதன் முதல் குறை வெளிப்படையானது: பழைய வகையான ஐபிவி4 முகவரி மட்டுமே கிடைக்கும். ஒரு பெயருக்கு ஐபிவி6 முகவரி மட்டும் பதிவாகியிருந்தால், பெயர் உண்டு, தரவு இல்லை என்ற பிழை வரும். முகவரிக் குடும்பத்தைக் (ஐபிவி4ஆ ஐபிவி6ஆ என்பதைக்) கேட்டு வாங்கும் கெட்ஹோஸ்ட்பைநேம்2 என்று ஒன்று உண்டு. ஆனால் அது நிலையாவணத்தில் இடம்பெறாத நீட்டிப்பு. மேலும், ஒரு அழைப்புக்கு ஒரு குடும்பம்தான் என்பதால் இரண்டு முறை அழைத்து, இரண்டு விடைகளையும் எந்த வரிசையில் முயல்வது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது குறைதான் சேவையகத்தில் கடிக்கிறது. திரும்பக் கிடைக்கும் கட்டுரு நம்முடையது அன்று. நூலகத்தின் உள்ளே இருக்கும் பொது இடம். அது டீக்கடைக் கணக்குப் பலகை மாதிரி: அடுத்தவர் கணக்கு எழுதப்படும்போது நம்முடையது அழிந்திருக்கும். ஜிலிப்சியில் இரண்டாவது அழைப்பு அந்த இடத்தின் மேலேயே எழுதுகிறது. மசலில் நடப்பது வேறு: ஒவ்வொரு அழைப்பும் முந்தைய விடை இருந்த நினைவகத்தை விடுவித்துவிட்டுப் புதிதாக ஒதுக்குகிறது. ஆகையால், பழைய சுட்டை வைத்துக்கொண்டு முகவரியைப் படிக்கும் நிரல் டெபியனில் தவறான ஆலை உரிமையாளருக்குத் தரவை அனுப்பும். அதே நிரல் பெட்டியில் எப்போதாவது காரணம் தெரியாமல் விழும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், விழுவதே மேல் என்பேன். விழுந்தது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, பிழை சொல்லும் முறை. தோல்வியில் வெற்றுச் சுட்டு வரும்; காரணத்தை வழக்கமான பிழை மாறியான எர்நோவில் தேடக்கூடாது, எச்_எர்நோ என்ற தனி மாறியில் தேட வேண்டும். அதில் நான்கு வகைக் காரணங்களே உண்டு: பெயரே இல்லை, பிறகு முயன்று பார், மீள முடியாத பிழை, பெயர் உண்டு ஆனால் முகவரி இல்லை. எங்கள் பழைய நிரலில் இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. வெற்றுச் சுட்டு வந்தால் ‘சேவையகம் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கும். அதன் விளைவாக, ராதாபுரத்திலிருந்து தொலைபேசியில், “அண்ணாச்சி, லைன் இருக்கு, பெட்டியும் எரியுது, டேட்டா மட்டும் போவ மாட்டேங்கு” என்ற புகார் வருவது வாடிக்கை. இணைப்பு ஐந்து நொடி விழுந்து எழுந்திருக்கும். நிரலோ ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கும்.

போசிக்ஸ் 2001இல் இந்தச் செயற்கூறை வழக்கொழிந்தது என்று குறித்து, 2008 பதிப்பில் முகவரியிலிருந்து பெயரைத் தேடும் கெட்ஹோஸ்ட்பைஅட்ர், எச்_எர்நோ ஆகியவற்றோடு சேர்த்து நீக்கியேவிட்டது. நீக்கியது நிலையாவணத்திலிருந்துதான், நூலகங்கள் இன்னும் அதைச் சுமக்கின்றன, தொகுப்பியும் தடுக்காது. இதனால்தான் பலர் மாறாமலே இருக்கிறார்கள்.

கெட்ஹோஸ்ட்பைநேம்_ஆர் என்பதற்குத் தாவுவது பலருக்கு முதலில் தோன்றும் வழி. விடையை வைக்க வேண்டிய கட்டுருவையும் இடத்தையும் நாமே கொடுப்பதால் இழைகளுக்கிடையே மோதல் இல்லை. ஆனால் இது எந்த நிலையாவணத்திலும் இல்லாததால் ஒவ்வொரு அமைப்பும் அதைத் தன் போக்கில் செய்தது. ஜிலிப்சியில் ஆறு அளபுருக்கள் (அழைக்கும்போது கொடுக்க வேண்டியவை), சோலாரிஸில் ஐந்து, ஏஐஎக்ஸில் மூன்று. மசல் ஜிலிப்சியின் ஆறையே பின்பற்றுவதால் எங்கள் இரண்டு அமைப்புகளிலும் தொகுத்துவிடலாம் என்பது உண்மை. எனினும், கொடுத்த இடம் போதவில்லை என்றால் ஈரேஞ்ச் என்ற பிழை வரும். இடத்தைப் பெரிதாக்கி மீண்டும் அழைக்கும் ஒரு சுழற்சியை எழுதியாக வேண்டும். எச்_எர்நோவுக்கும் தனி மாறி கொடுக்க வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்தபின் கையில் கிடைப்பது அதே ஐபிவி4 முகவரிதான். உழைப்பு புதியது, விடை பழையது என்பதால் இந்த வழியை ஒரு பத்திக்கு மேல் பேசத் தேவையில்லை.

கெட்அட்ரின்ஃபோ ஐபிவி6உடன் சேர்ந்து பிறந்தது. 1997இல் ஆர்எஃப்சி (இணைய வரையறை ஆவணம்) 2133, பிறகு 1999இல் 2553, 2003இல் 3493 என்று அதன் வரையறை செம்மைப்பட்டது. போசிக்ஸ் 2001இலேயே அதை ஏற்றுக்கொண்டது. பெயர், சேவை, குறிப்புகள் அடங்கிய ஒரு கட்டுரு ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு, முகவரிகளின் இணைப்புப் பட்டியல் ஒன்றைத் தருகிறது. ஒவ்வொரு கணுவிலும் சாக்கெட் (வலை இணைப்பின் முனை) உருவாக்கவும் இணைக்கவும் வேண்டிய எல்லாம் தயாராக இருக்கும். முகவரி நான்கு பைட்டா பதினாறு பைட்டா என்று நிரல் எங்கும் கேட்க வேண்டியதில்லை. பட்டியலின் நினைவகம் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி என்பதால் இழைகள் ஒன்றையொன்று அழிப்பதில்லை. வேலை முடிந்ததும் ஃப்ரீஅட்ரின்ஃபோவால் விடுவிக்க வேண்டும் என்பது மட்டும் நம் கடமை. ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் பெட்டியில் அந்த ஒரு வரி விட்டுப்போனால் நினைவகம் சிறிது சிறிதாகக் கசிந்து தீரும்.

பட்டியலின் வரிசைக்கும் பொருள் உண்டு. எந்த முகவரியை முதலில் முயல்வது நல்லது என்பதை ஆர்எஃப்சி 6724இன் விதிகளைத் தழுவி நூலகமே வரிசைப்படுத்தித் தருகிறது. ஜிலிப்சியில் அந்த விதிகளை காய்.கான்ஃப் என்ற கோப்பால் மாற்றலாம். மசலில் அத்தகைய கோப்பு கிடையாது, விதி அட்டவணை நூலகத்துக்குள்ளேயே உறைந்திருக்கிறது. பட்டியலின் முதல் கணுவை மட்டும் எடுத்து முயன்று, அது தோற்றால் கைவிடுவது, பழைய செயற்கூறின் பழக்கத்தைப் புதியதற்குள் கொண்டுவருவதாகும். முதல் முகவரி ஐபிவி6ஆக இருந்து, வழியில் எங்கோ பாக்கெட்டுகள் தொலைந்துகொண்டிருந்தால், லினக்ஸின் இயல்பான அமைப்பில் ஒரு கனெக்ட் அழைப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் தொங்கும். ஆகவே பட்டியல் முழுவதையும் சுற்றுவதும், ஒவ்வொரு முயற்சிக்கும் நாமே ஒரு கெடு வைப்பதும் இந்தச் செயற்கூறைத் தேர்ந்தெடுப்பதோடு சேர்ந்த வேலைகள். உலாவிகள் செய்வதுபோல் கால் நொடி இடைவெளியில் இரண்டு குடும்பங்களையும் போட்டிக்கு விடும் முறை ஆர்எஃப்சி 8305இல் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு அனுப்பும் பெட்டிக்கு அது மிகை.

குறிப்புகளில் சிக்கனம் கூடாது. குறிப்புக் கட்டுருவையும் சேவைப் பெயரையும் கொடுக்காமல் அழைத்தால் ஒரே முகவரி ஜிலிப்சியில் சாக்கெட் வகை ஒவ்வொன்றுக்குமாக மூன்று முறை வரும்: ஸ்ட்ரீமுக்கு ஒன்று, டேட்டாகிராமுக்கு ஒன்று, ராவுக்கு ஒன்று. மசலில் இரண்டு முறை வரும். சாக்கெட் வகை ஸ்ட்ரீம் என்று குறிப்பிட்டுவிட்டால் இந்த இரைச்சல் அடங்கும். இன்னொரு நுட்பம்: குறிப்பே கொடுக்காவிட்டால் கொடிகள் (விருப்பத் தேர்வுகள்) சுழியம் என்று கொள்ள வேண்டும் என்பது போசிக்ஸின் விதி; ஜிலிப்சியோ ஏஐ_வி4மேப்டு, ஏஐ_அட்ர்கான்ஃபிக் ஆகிய இரண்டு கொடிகளும் போடப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. பின்னது, கணினியில் எந்தக் குடும்பத்தின் முகவரி இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்கே விடை தரச் சொல்லும் கொடி. கணினி தன்னையே சுட்டும் லூப்பேக் முகவரி அந்தக் கணக்கில் சேராது. இணைப்பு விழுந்து எழும் இடத்தில், அழைக்கும் அந்தக் கணத்தில் இடைமுகத்தில் என்ன முகவரி இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பது தெரிந்து பயன்படுத்த வேண்டிய விஷயம். நான் குறிப்புக் கட்டுருவை எப்போதும் வெளிப்படையாக நிரப்பிவிடுவேன். அப்போது இரண்டு நூலகங்களும் ஒரே கேள்வியைக் கேட்டதாக இருக்கும்.

பிழை சொல்லும் விதத்தில் இதற்கும் பழையதற்கும் இடையிலான தூரம் பெரிது. திரும்பும் மதிப்பே பிழைக் குறியீடு. அதை காய்_ஸ்ட்ரெரர் சொற்களாக்கித் தரும். ஈஏஐ_அகெய்ன் என்றால் பெயருக்கு முகவரி சொல்லும் பெயர்ச்சேவையகம் இப்போது பதில் தரவில்லை, சற்றுப் பொறுத்து முயலலாம். ஈஏஐ_நோநேம் என்றால் பெயரோ சேவையோ இல்லை. அமைப்புக் கோப்பைத் திருத்தாமல் மீண்டும் மீண்டும் முயல்வதில் பயன் இல்லை. ஈஏஐ_சிஸ்டம் என்றால் மட்டும் எர்நோவைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வேண்டிய பிரிவு முதல் இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது: முன்னதற்குச் சில நொடிகளில் மறுமுயற்சி, பின்னதற்கு எச்சரிக்கை. ராதாபுரத்துப் புகாருக்கு விடை இந்த ஒரு கிளையில் அடங்கிவிடுகிறது. எச்_எர்நோவிலும் இந்தப் பிரிவு இருந்தது என்று சொல்லலாம். ஆனால் தனி மாறியில் ஒளிந்திருக்கும் காரணத்தை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை, திரும்பும் மதிப்பாகக் கைக்கு வரும் காரணத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் கடினம்.

புதியது என்பதால் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு மட்டும் வரக்கூடாது. 2015 ஜனவரியில் வெளியான கோஸ்ட் என்ற பாதுகாப்புக் குறை, ஜிலிப்சியில் கெட்ஹோஸ்ட்பைநேம் குடும்பத்துக்குள் 2000ஆம் ஆண்டின் 2.2 பதிப்பிலிருந்தே பதுங்கியிருந்தது. 2013இல் சரிசெய்யப்பட்டபோதும் அது பாதுகாப்புக் குறை என்று எவரும் உணராததால் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் பலவற்றுக்குத் திருத்தம் போய்ச்சேரவில்லை. இதைக் காட்டி கெட்அட்ரின்ஃபோவுக்கு மாறச் சொன்னவர்கள் ஓர் ஆண்டுதான் நிம்மதியாக இருந்தார்கள். 2016 பிப்ரவரியில் கெட்அட்ரின்ஃபோவிலேயே அடுக்கு நினைவக வழிதல் ஒன்று வெளிவந்தது. 2048 பைட் இடத்துக்கு மேல் வரும் டிஎன்எஸ் (பெயர்ச்சேவை) பதிலைக் கையாண்டதில் 2008இன் 2.9 பதிப்பு முதலே இருந்த பிழை அது. பாதுகாப்பைப் பொறுத்தவரை செயற்கூறின் தேர்வைவிட நூலகத்தைப் புதுப்பிப்பதே முக்கியம். காற்றாலை அடியில் வைத்து மறந்துவிட்ட பெட்டிக்கு இது இரு மடங்கு பொருந்தும்.

கெட்அட்ரின்ஃபோ தீர்க்காத பிரச்சினை ஒன்று உண்டு: காத்திருப்பு. பழையதும் புதியதும் விடை வரும்வரை அழைத்த இழையை நிறுத்தியே வைக்கின்றன. கெடு கேட்டு வாங்கும் அளபுரு இரண்டிலும் இல்லை. எவ்வளவு நேரம் என்பது பெயர்ச்சேவையகங்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலும் நூலகத்தின் போக்கிலும் இருக்கிறது. இயல்பு மதிப்புகள் ஐந்து நொடி, இரண்டு முயற்சி. ஒரே பெயர்ச்சேவையகம் எழுதப்பட்டு, அது மௌனமாக இருந்தால், ஜிலிப்சி முயற்சிக்கு ஐந்து நொடி வீதம் பத்து நொடி காத்திருக்கும். மசல் அதே எண்களை வேறுவிதமாகப் படிக்கிறது: மொத்தமே ஐந்து நொடி, அதற்குள் இரண்டு முயற்சி. பெயர்ச்சேவையகங்கள் பல இருந்தால் ஜிலிப்சி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்; மசல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வந்த விடையை எடுத்துக்கொள்ளும். இணைப்பு தள்ளாடும் இடத்தில் மசலின் வழி வேகமானது. ஆனால் உள்வலைக்கு ஒரு பெயர்ச்சேவையகம், வெளியுலகுக்கு ஒன்று என்று வரிசையாக எழுதி, முதலாவதே எப்போதும் பதில் சொல்லும் என்று நம்பும் அமைப்பு அதில் உடையும். எங்கள் பெட்டிகளில் அப்படி ஒரு கோப்பு இருந்தது. அதைப் பெட்டிக்குள்ளேயே ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு பெயர்ச்சேவையகத்தை மட்டும் சுட்டும்படி மாற்றிவிட்டால் சிக்கல் தீரும்.

தரைவழி இணைப்பிலிருந்து சிம்முக்கு மாறும்போது ரிசால்வ்.கான்ஃப் மாறுமானால் இன்னொன்றும் கவனத்துக்குரியது. மசல் ஒவ்வொரு தேடலுக்கும் அந்தக் கோப்பைப் புதிதாகப் படிக்கிறது. ஜிலிப்சி 2017இன் 2.26 பதிப்பு முதல்தான் கோப்பு மாறியதைத் தானே கண்டுகொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நீண்டநேரம் ஓடும் நிரல், தொடக்கத்தில் படித்த பெயர்ச்சேவையகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். டிசிபி வழி டிஎன்எஸ் பதில்களை மசல் 2023இன் 1.2.4 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. மிக நீண்ட பதில் தரும் பெயர்களைப் பழைய பெட்டிகளில் தேடாமல் இருப்பது நல்லது.

காத்திருப்புக்காகவே சி-ஆரஸைக் கொண்டுவரலாமா என்பது உண்மையில் யோசிக்க வேண்டிய கேள்வி. அது நிரலை நிறுத்தாமல் பின்னணியில் தேடும். கெடுவை நாம் வைக்கலாம். ஒவ்வொரு முகவரியின் ஆயுள் எத்தனை நொடி என்பதையும் தரும். அந்த ஆயுள் எண், இங்கே பேசிய சி நூலகச் செயற்கூறு எதிலும் கிடைக்காத ஒன்று. கெட்அட்ரின்ஃபோ தந்த விடையைச் சேமித்து வைப்பவர் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை ஊகத்தால்தான் முடிவு செய்கிறார். ஆயிரக்கணக்கான பெயர்களை ஒரே நேரத்தில் தேடும் நிரலாக இருந்தால் தயங்காமல் இதையே தேர்ந்திருப்பேன். மறுபக்கத்தில், பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் ஜிலிப்சியின் என்எஸ்சுவிட்ச் கோப்பில் குறித்த தொகுதிகள் எதையும் அது ஏற்றாது; கணினி நிர்வாகி அந்தக் கோப்பு வழியே ஏற்படுத்திய சிறப்பு வழிகள் நிரலுக்கு மட்டும் தெரியாமல் போகும். பெட்டியில் பிங் கட்டளைக்குக் கிடைக்கும் முகவரி ஒன்று, நிரலுக்குக் கிடைக்கும் முகவரி வேறொன்று என்ற நிலை, பழுது பார்க்கப் போகிறவரை வெயிலில் நிற்கவைத்துவிடும். ஒரு பெட்டி தேடுவது ஒரே ஒரு பெயர். சேவையகம் தேடுவது சில பத்துப் பெயர்கள். இதற்குத் தேடலுக்கென்று தனி இழை ஒன்றை வைத்து அதிலிருந்து கெட்அட்ரின்ஃபோவை அழைப்பதே போதும். ஜிலிப்சியில் கெட்அட்ரின்ஃபோ_ஏ என்ற பின்னணித் தேடல் இருந்தாலும் அது மசலில் இல்லை. உள்ளே அதுவும் இழைகளைத்தான் பயன்படுத்துகிறது.

சேவைப் பெயர்களின் கதை சிறியது, ஆனால் ஒரு பொறி உண்டு. சேவையின் பெயருக்கு கெட்செர்வ்பைநேம் தரும் துறை (போர்ட்) எண் நெட்வொர்க் பைட் வரிசையில், அதாவது உயர் பைட் முதலில் வரும்படி, இருக்கும். மாற்றாமல் அச்சிட்டால், வழக்கமான இன்டெல் கணினியில் 443 என்பது 47873 என்று தெரியும். கெட்அட்ரின்ஃபோவுக்குச் சேவையையும் கொடுத்துவிட்டால் எண் உரிய வரிசையிலேயே முகவரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் பெயரைக் கொடுப்பதா எண்ணைக் கொடுப்பதா? சேவைப் பெயர்களையும் எண்களையும் பட்டியலிடும் எங்கள் சேவையகத்தின் சர்வீசஸ் கோப்பில் ‘காற்றாலை’ என்று சொந்தமாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. பெட்டிகளின் கோப்பில் அந்த வரி இல்லை. மேசையில் ஓடிய நிரல் காட்டில் ஓடாததற்கு அதுவே காரணம். துறை எண்ணை நிரலின் அமைப்புக் கோப்பில் இலக்கமாகவே எழுதி, ஏஐ_நியூமரிக்செர்வ் கொடியைப் போட்டுக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். ஒரு கோப்பின் உதவி குறைந்தால் ஒரு கோப்பின் பிழையும் குறையும்.

நெறிமுறைப் பெயரை எண்ணாக்கும் கெட்ப்ரோட்டோபைநேம் பற்றி முடிவெடுக்க அதிக நேரம் தேவையில்லை. டிசிபி 6, யுடிபி 17 என்பவை மாறப்போவதில்லை. தலைப்புக் கோப்புகளில் மாறிலிகளாகவே இருக்கின்றன. மசல்கூட ப்ரோட்டோகால்ஸ் கோப்பைத் திறப்பதில்லை, அட்டவணையை உள்ளேயே வைத்திருக்கிறது. கெட்நெட்பைநேம் வகுப்பு முறை நெட்வொர்க் எண்களின் காலத்து மிச்சம். கெட்ஹோஸ்ட்பைநேமை நீக்கிய போசிக்ஸ் 2008 இதை விட்டுவைத்தது வேடிக்கைதான். மசலில் இது எந்தப் பெயருக்கும் வெற்றுச் சுட்டையே தரும். சேவை வரிசை முழுவதையும் படிக்கும் கெட்செர்வ்என்டும் அங்கே அப்படித்தான். இவை மூன்றும் எங்கள் மூலநிரலில் எங்கேனும் இருந்தால் நீக்கிவிடுவதென்று வைத்துக்கொண்டோம்.

மிஞ்சுவது எதிர்த்திசைத் தேடல். பழைய நிரல், வந்து சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் கெட்ஹோஸ்ட்பைஅட்ர் அழைத்துப் பெயரைப் பதிவேட்டில் எழுதியது. அதன் இடத்துக்கு கெட்நேம்இன்ஃபோ வருகிறது. ஆனால் என்ஐ_நியூமரிக்ஹோஸ்ட் கொடியோடு, அதாவது முகவரியை எழுத்தாக்கும் வேலைக்கு மட்டும். சிம் இணைப்புகளின் முகவரிகளுக்குப் பயனுள்ள பெயர் எதுவும் பதிவாகியிருப்பதில்லை. அதைத் தேடிப் பத்து நொடி காத்திருந்தால், காற்று உச்சத்தில் வீசும் ஆடி மாதத்தில் அளவீடுகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். எந்தப் பெட்டி என்பதை அது அனுப்பும் தரவிலேயே இருக்கும் அடையாள எண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.